பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அவர் திரட்டிய பணியாளர்களும்

வலியசாலை (திருவனந்தபுரம்), ஜூலை 30:

இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்களுள் ஒருவரும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் நிறுவனருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாள் இன்று. தமிழக அரசு மருத்துவமனைகளில் இந்நாள் மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. மருத்துவர், செவிலியர், ஆய்வுக்கூடப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் என ஒரு மருத்துவமனையை நடத்திச் செல்லும் அனைவரையும் நினைவுகூரும் நாளுக்கு இவரது பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானது. முத்துலட்சுமி எழுப்பிய மருத்துவமனையில் தொடக்க ஆண்டுகளில் கட்டடமும் கருவியும் மிகக் குறைவு. அது நிலைத்து நின்றதற்கு அங்கே பணிபுரிந்தவர்களே முதற்காரணம்.

திருவனந்தபுரம் நகரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வலியசாலைக்கும் இவரது வரலாறு அந்நியமானதன்று. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய இப்பகுதியின் பெயரில் உள்ள சாலை என்னும் சொல், பழங்காலத்தில் இங்கு இயங்கிய கல்விச்சாலையைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கல்விச்சாலைக்குள் ஒரு பெண் நுழைவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு, இப்பகுதியை அடுத்துள்ள தைக்காடு அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலேயே ஒரு சான்று உண்டு. அம்மருத்துவமனையில் 1916 முதல் பணியாற்றிய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், முத்துலட்சுமி பிறந்த அதே 1886ஆம் ஆண்டில், சில நாள் இடைவெளியில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் படிக்கப் பெண் என்பதால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வரலாறு பயின்று பட்டம் பெற்று, பிறகு லண்டன் சென்று மருத்துவரானார். அதே காலத்தில் புதுக்கோட்டையில், அதே பெயர் கொண்ட மற்றொரு மகாராஜா கல்லூரியின் வாயிலில் முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். பின்னாளில் இருவரும் தத்தம் ஆட்சிப்பகுதியின் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராயினர். திருவனந்தபுரத்தில் ஊடுகதிர் மற்றும் ரேடியம் நிலையம் தொடங்கக் காரணமானவர் மேரி. சென்னையில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை கண்டவர் முத்துலட்சுமி.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கல்வியாளர் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாக 1886 ஜூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். தாயார் இசை வேளாளர் மரபில் வந்தவர். அத்திருமணத்தின் பொருட்டுத் தந்தை தம் உறவினரால் விலக்கிவைக்கப்பட்டார். பிறப்பு குறித்த ஏளனத்தையும் பெண் என்ற காரணத்தால் வந்த தடையையும் ஒருசேரச் சுமந்த சிறுமிக்குத் தந்தையின் துணை இருந்தது. வீட்டிலேயே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது கல்லூரி நிர்வாகமும் மாணவர்களின் பெற்றோரும் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கியதோடு உதவித்தொகையும் அளித்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டதாரியானார். எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார். 1914இல் டாக்டர் டி. சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் அத்திருமணத்திற்கு இசைந்தார். சடங்குகளைத் தவிர்த்து, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற திருமணம் அது. இத்தம்பதியருக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

முத்துலட்சுமியின் வாழ்வைத் திசைதிருப்பியது 1923ஆம் ஆண்டு. அவருடைய தங்கை சுந்தரம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். நோயின் அறிகுறிகளைத் தொடக்கத்தில் வயிற்றுக்கடுப்பு என்று கருதிச் சிகிச்சை அளித்திருந்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. உடன்பிறந்தவள் மருத்துவராக இருந்தும், நகரில் பெரிய மருத்துவமனைகள் இருந்தும், நோயை உரிய காலத்தில் கண்டறிய வழியில்லாமற்போனது. தங்கையின் வேதனையை அருகிருந்து கண்டவர் அவர். ஒரு மருத்துவருக்கு இதைவிடக் கொடிய தோல்வி இருக்க முடியாது. இந்த இழப்பையே தம் புற்றுநோய்ப் பணிக்கு மூலகாரணமாகப் பின்னாளில் அவர் குறிப்பிட்டு வந்தார்.

1925இல் உயர்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். மகளிர் மற்றும் குழந்தைகள் நோய்களில் பயிற்சி பெறுவதே அப்பயணத்தின் நோக்கம். ஆயினும் லண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிவந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனையைப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் ராயல் மார்ஸ்டன் என்று பெயர்பெற்ற மருத்துவமனை அது. ஒரே நோய்க்கென ஒரு மருத்துவமனை. அதற்கெனப் பயின்ற மருத்துவர்கள். அறுவையும் கதிர்வீச்சும் ஒரே கூரையின்கீழ். இந்த அமைப்பு அவர் மனத்தில் பதிந்தது. அப்போது இந்தியாவின் பொது மருத்துவமனைகளில் புற்றுநோயாளி, பிற நோயாளிகளுக்கு இடையே கடைசிப் படுக்கையில் கிடந்தார்.

நாடு திரும்பியவரை அரசியல் அழைத்தது. 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்து அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகில் எந்தச் சட்டமன்றத்திலும் அதுவரை ஒரு பெண் அப்பொறுப்பை வகித்ததில்லை. தேவதாசி முறை ஒழிப்பு, பெண்களின் திருமண வயது உயர்வு, பாலியல் சுரண்டல் தடுப்பு, பள்ளிச் சிறுமியருக்கு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்காக அங்கே அவர் நிகழ்த்திய போராட்டம் தமிழ் வாசகர்கள் நன்கறிந்தது. பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ள அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் பதவி விலகினார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. பதவி விலகிய பின் பதினேழு ஆண்டுகள் அதற்காக அவர் காத்திருந்தார்.

அதே 1930இல் அவருடைய இல்லத்தின் கதவைச் சில சிறுமியர் தட்டினர். தேவதாசி குலத்தில் பிறந்தவர்கள் என்பதால் நகரின் விடுதிகள் ஏற்க மறுத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். ஔவை இல்லம் என்னும் அமைப்பு இவ்வாறு தோன்றியது. பின்னர் அது அடையாறுக்கு இடம்பெயர்ந்தது. அவர் எதையும் தொடங்கும் முறை இதிலிருந்தே தெளிவாகிறது. நிதியும் கட்டடமும் அமையட்டும் என்று காத்திராமல், வாசலில் வந்து நிற்பவரை முதலில் உள்ளே அழைத்துக்கொள்வார். மற்றவற்றைப் பிறகு தேடுவார். புற்றுநோய் மருத்துவமனையும் ஏறத்தாழ இம்முறையிலேயே பிறந்தது. ஆனால் அதற்கு அவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935இல் நடைபெற்றபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தேவை என்ற கருத்தைப் பொதுமேடையில் அவர் முன்வைத்தார். அன்றைய சூழலை நினைவிற்கொண்டால்தான் இக்கோரிக்கை எவ்வளவு விநோதமாக ஒலித்திருக்கும் என்பது புரியும். அம்மை, காலரா, காசநோய், மலேரியா ஆகியவை ஆண்டுதோறும் பேரெண்ணிக்கையில் மக்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. புற்றுநோய் வந்தவர் பிழைப்பதில்லை, எனவே அதற்குச் செலவிடும் பணம் வீண் என்பதே ஆட்சியாளரிடமும் மருத்துவர்கள் பலரிடமும் நிலவிய எண்ணம். இந்நோயால் மக்கள் சாகத்தானே போகிறார்கள், இதற்கு எதற்கு மருத்துவமனை என்னும் பொருள்படும் விடை, உதவி கேட்டுச் சென்றபோது அதிகார மட்டத்திலிருந்தே வந்தது.

இந்த வாதத்தில் மேலோட்டமாக ஒரு நியாயம் உண்டு. அன்றைய நோயாளிகளில் மிகப் பலர் உண்மையிலேயே இறந்தனர். ஆனால் அவர்கள் முற்றிய நிலையில் வந்ததால் இறந்தனர். சென்றால் குணமாகும் என்று நம்புவதற்கு ஓர் இடம் இல்லாததால் முற்றிய பின் வந்தனர். இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் உடைக்க வேண்டும் என்பதே முத்துலட்சுமியின் பதிலாக இருந்தது. தங்கையின் நோய் தவறாகக் கணிக்கப்பட்டதைக் கண்டவருக்கு இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரசு முன்வராத நிலையில் இந்திய மாதர் சங்கத்தின் பக்கம் திரும்பினார். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோரால் 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட அச்சங்கத்தில் அவர் நெடுநாள் பணியாற்றியவர். சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பொதுமக்களிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டப்பட்டது. இன்றும் அம்மருத்துவமனையின் அதிகாரப்பூர்வப் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்னும் எழுத்துகள் இணைந்திருப்பதை அதன் பெயர்ப்பலகையில் காணலாம். மாதர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. பெண்கள் அமைப்பு ஒன்று கேட்டுப் பெற்ற பணத்தில் எழுந்த மருத்துவமனை என்பதை அந்த மூன்றெழுத்துகள் சொல்கின்றன. அன்றாடம் அவ்வாசலைக் கடப்போரில் எத்தனை பேர் அதை அறிவர் என்பது வேறு.

அடையாறு காந்தி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம் இடம் கிடைத்தது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. படுக்கைகள் 12. சிறிய கட்டடம், கருவிகளோ மிகக் குறைவு. நிறுவனருக்கு அப்போது வயது ஏறக்குறைய 68. பலர் ஓய்வுபெற்றுப் பத்தாண்டு கழிந்திருக்கும் பருவத்தில், தம் வாழ்வின் மிகக் கடினமான நிர்வாகப் பணியை அவர் ஏற்றார்.

பணியாளர் எங்கிருந்து வந்தனர்? இந்தியாவில் அன்று புற்றுநோய் மருத்துவம் என்று ஒரு தனித்துறையாகப் பயின்றவர் மிகச் சிலரே. அறுவை மருத்துவர் புற்றுக்கட்டியை அகற்றுவார். ஊடுகதிர்த் துறையினர் கதிர்வீச்சு அளிப்பர். இருவரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவது அரிது. முத்துலட்சுமியின் இளைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அறுவை மருத்துவத்தையும் கதிர்வீச்சு மருத்துவத்தையும் ஒருங்கே கையாளும் திறன் பெற்றவர் அவர். தாய் தொடங்கிய மருத்துவமனையில் மகன் தலைமை மருத்துவராவது குறித்து எவருக்கேனும் ஐயம் எழக்கூடும். ஆனால் அது செல்வமும் புகழும் தரும் இடமாக இருக்கவில்லை. வெளியே தனிப்பட்ட முறையில் மருத்துவம் பார்த்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஒருவர், வருவாய் நிச்சயமில்லாத 12 படுக்கை மருத்துவமனைக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்தார் என்பதே உண்மை.

இரண்டாவதாக வந்தவர் டாக்டர் வி. சாந்தா. மயிலாப்பூரில் பிறந்தவர், நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன், சுப்ரமணியன் சந்திரசேகர் ஆகியோரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவம் பயின்று, அரசுப் பணித் தேர்விலும் வென்றவர். அக்காலத்தில் பெண் மருத்துவர் ஒருவருக்கு எழும்பூர் மகளிர் மருத்துவமனைப் பணியைவிடப் பாதுகாப்பான எதிர்காலம் இல்லை. அதைத் துறந்து அடையாறுக்கு அவர் வந்தபோது உடன்பயின்றோரும் மூத்தோரும் வியந்தனர். சிலர் வருந்தவும் செய்தனர். 1955 ஏப்ரல் 13 அன்று மருத்துவமனை வளாகத்திலேயே குடியேறினார். அவருக்குக் கிடைத்த மாத ஊதியம் 200 ரூபாய். 2021 ஜனவரியில் மறையும் வரை, ஏறத்தாழ 66 ஆண்டுகள், அந்த வளாகமே அவருக்கு வீடாக இருந்தது.

இவ்விரு மருத்துவர்களோடு செவிலியரும் தொழில்நுட்பப் பணியாளருமாக விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே தொடக்கத்தில் இருந்தனர். ஒவ்வொருவரும் பல வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது. மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் மருத்துவர்களின் பெயர்களோடு நின்றுவிடுகின்றன. புற்றுநோய் மருத்துவமனையின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு நிறுத்த முடியாது. வாய்ப்புற்று முற்றிய நோயாளியின் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடும் செவிலியர், அந்த நாற்றத்தை முகத்தில் காட்டாமல் நாள்தோறும் பலமுறை அருகே செல்ல வேண்டும். உறவினரே விலகி நிற்கும் நேரத்தில் உணவூட்டுவதும் அவரே. புற்றுநோய் தொற்றும் என்று படித்தவர்களும் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தை மீறித் தம் வீட்டாரிடம் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு பணியாளரும் வேலைக்கு வந்திருக்க வேண்டும். கதிர்வீச்சு இயற்பியலாளர் அளவைக் கணக்கிடுவதில் சிறு பிழை நேர்ந்தாலும், குறைந்தால் கட்டி மீளும், மிகுந்தால் நலமான திசு அழியும். ஆய்வுக்கூடத்தில் திசுத்துண்டை உருப்பெருக்கியில் பார்ப்பவரின் ஒரு சொல்லைக் கொண்டே உறுப்பை அகற்றுவதா, காப்பதா என்பது முடிவாகும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் மீண்டும் பரிசோதனைக்கு வந்தாரா, வரவில்லையெனில் என்ன ஆனார் என்பதைப் பின்தொடரும் ஆவணப் பணியாளர் இல்லையேல், எத்தனை பேர் குணமடைந்தனர் என்று எவராலும் கூற இயலாது. குணமடைந்தவர் உண்டு என்று காட்டினாலன்றி அதிகாரிகளின் பழைய வாதத்தை உடைக்கவும் முடியாது. மருத்துவமனையின் உயிர், அந்த வகையில், ஏடுகளில் வரி வரியாகக் குறித்துவைத்தவர்களின் கையிலும் இருந்தது.

தொடங்கி மூன்றாண்டுகளில், 1957இல், கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அடையாறுக்கு வந்தது. ஆசியாவிலேயே முதலாவதாக நிறுவப்பட்டவற்றுள் இடம்பெறும் கருவி இது. அதற்கு முந்தைய ஊடுகதிர்க் கருவிகளில் கதிரின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். ஆழத்தில் உள்ள கட்டியை எட்டுமுன் தோல் வெந்து புண்ணாகும். கோபால்ட் உமிழும் காமாக் கதிர் தோலைக் காத்து உள்ளே ஊடுருவவல்லது. கருப்பை வாய்ப் புற்று, தொண்டைப் புற்று ஆகியவற்றால் துன்புற்ற தமிழகப் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இது புதிய வாயிலைத் திறந்தது. ஆனால் கோபால்ட் மூலகம் நிலையாக இருப்பதன்று. சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகக் குறைந்துவிடும். வீரியம் குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியும் கருவியின் கீழ் கிடக்க வேண்டிய நேரம் நீளும். காத்திருப்போர் வரிசையும் நீளும். ஆகவே ஒருமுறை நன்கொடை திரட்டிக் கருவி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதில்லை. மூலகத்தை மாற்றவும் கருவியைப் பராமரிக்கவும் தொடர்ந்து பணம் தேவை. எழுபது வயதைக் கடந்த முத்துலட்சுமி தொடர்ந்து கடிதம் எழுதியதும் கதவு கதவாகத் தட்டியதும் இதன் பொருட்டே.

அவரது தலைமையை மதிப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் புற்றுநோய் மருத்துவ வல்லுநர் அல்லர். மகப்பேறும் குழந்தை மருத்துவமும் அவரது துறைகள். மருத்துவமனையின் அன்றாட மருத்துவ முடிவுகளை இளையவர்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் பணிபுரிவதற்கான நிலம், பணம், அனுமதி, நற்பெயர் ஆகியவற்றைத் தேடித் தருவதைத் தம் வேலையாக வைத்துக்கொண்டார். சட்டமன்றத்திலும் சமூகநல வாரியத்திலும் பெற்ற அனுபவமும் அறிமுகமும் இதற்குப் பயன்பட்டன. 1956இல் கிடைத்த பத்மபூஷண் விருதும் அவ்வகையில் நன்மை செய்திருக்கும். தலைமை வகிப்போர் பலர் பணியாளர்களின் உழைப்பைத் தம் பெயரில் வரவு வைத்துக்கொள்வர். இங்கே நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. ஈட்டிய பெயரையெல்லாம் பணியாளர்களின் வேலைக்கு முதலாக்கினார். அடையாறு மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது இன்று பலரும் டாக்டர் சாந்தாவின் பெயரையே முதலில் கூறுகின்றனர். அதை முத்துலட்சுமியின் புகழுக்குக் குறைவாகக் கொள்வதைவிட, அவர் தேர்ந்தெடுத்து வளர்த்த முறையின் வெற்றியாகக் கொள்வதே பொருந்தும்.

பணம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி வந்தவர் அனைவருக்கும் சிகிச்சை என்பது தொடக்கத்திலிருந்தே அங்கு கடைப்பிடிக்கப்பட்ட நெறி. இயன்றவரிடம் பெறும் கட்டணமும் நன்கொடையும் சேர்ந்து இயலாதவரின் செலவை ஏற்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் முதலில் குறைவது பணியாளரின் ஊதியமே. வெளியே கிடைப்பதைவிடக் குறைந்த ஊதியத்தில் திறமையானவர்களை நிறுத்திவைப்பது எந்த நிர்வாகிக்கும் கடினம். தியாகத்தை எல்லாரிடமும் என்றென்றும் எதிர்பார்ப்பது முறையாகாது என்ற விமர்சனத்திலும் பொருள் இருக்கிறது. எனினும் அந்தத் தலைமுறையில் நிறுவனர் முதல் மருத்துவர் வரை எவரும் தமக்கெனச் செல்வம் சேர்க்காததைப் பணியாளர்கள் கண்ணெதிரே கண்டனர். அதனால்தான் பலர் அங்கேயே தங்கினர் என்று கருத இடமுண்டு.

1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பிரிவு அதுவே முதலாவது. குழந்தைக்குப் புற்றுநோய் வரும் என்பதையே ஏற்காத பெற்றோர் அன்று பலர். இரத்தப் புற்றால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்நாளில் பிழைக்கவில்லை. அப்பிரிவில் பணிபுரிந்த செவிலியர் சுமந்த துயரத்தின் அளவை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்திருக்க முடியாது. எனினும் அப்பிரிவு மூடப்படவில்லை. 1980களில் புதிய மருந்துச் சிகிச்சை முறைகள் வந்தபோது, அவற்றை உடனே கையாளும் பயிற்சியோடு ஒரு குழு அங்கே ஆயத்தமாக இருந்தது. பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் பன்மடங்கு உயர்ந்தது. முத்துலட்சுமி அதைக் காணவில்லை. தமது 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கையில், 1968 ஜூலை 22 அன்று சென்னையில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னும் மருத்துவமனை வளர்ந்தது. 1975இல் மத்திய அரசு அதனை வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு நாட்டின் முதல் லீனியர் ஆக்ஸிலரேட்டர் கருவி அங்கு நிறுவப்பட்டது. 1984இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவக் கல்லூரி, இத்துறையில் உயர்பட்டப் படிப்புகளை வழங்கி நாடெங்கும் வல்லுநர்களை அனுப்பிவருகிறது. 12 படுக்கைகள் 500க்கும் மேலாகப் பெருகின. கிருஷ்ணமூர்த்திக்குப் பின் இயக்குநர் பொறுப்பேற்ற சாந்தா 2005இல் ராமன் மகசேசே விருதும் 2016இல் பத்மவிபூஷணும் பெற்றார்.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி 1981இல் வட்டாரப் புற்றுநோய் மையம் தொடங்கப்பட்டது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் நிறுவன இயக்குநர். ஒரே நோய்க்கு ஒரு மையம் என்பதை நியாயப்படுத்த வேண்டிய தேவை அப்போது அவருக்கு இருக்கவில்லை. அந்த வழக்கு அடையாறில் முன்பே வெல்லப்பட்டிருந்தது. வலியசாலை, கரமனை, சாலைப் பகுதித் தமிழர்களும், 1956க்கு முன் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தாரும் சிகிச்சைக்கு இன்று முதலில் நாடுவது இம்மையத்தையே.

இம்மையம் பங்கேற்ற ஓர் ஆய்வு உலக அளவில் பேசப்படுகிறது. 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயதைக் கடந்த சுமார் 1,92,000 பேரை உள்ளடக்கி வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு நடத்தப்பட்டது. வீடு வீடாகச் சென்று, பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படிக்காத, ஆனால் அதற்கெனப் பயிற்சி பெற்ற பட்டதாரிச் சுகாதாரப் பணியாளர்கள். புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே, பரிசோதனை செய்யப்பட்ட ஊராட்சிகளில் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. சுந்தரம்பாளின் நோயை உரிய காலத்தில் அடையாளம் காண எவரும் இல்லாத 1923ஆம் ஆண்டுக்கும் அந்த முடிவுக்கும் இடையே கழிந்தவை 82 ஆண்டுகள்.